சங்கக் கணினிக்கு ஏற்ற இயங்குதளம்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு நாம் ஆய்வின்பொருட்டுச் சென்றிருந்தபோது கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறி இப்பாடத்தைத் தொடங்குவோம். சங்கத்தின் பெயரைச் சொல்லுதல் முறையன்று. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

தீபாவளிக்கு இருபது நாட்களே இருந்தன. நூல் வாங்கிச் சென்ற அங்கத்தினர்கள் சேலைகளை நெய்து கொண்டுவந்து ஒப்படைத்த வண்ணம் இருந்தார்கள். ஆனால் கூலியைக் கணக்கிட வேண்டிய கணினி அன்று காலையிலிருந்து திறக்கவில்லை. அதன் ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டது. மூன்று ஆண்டுக் கணக்கு முழுவதும் அதனுள்ளேயே இருந்தது. வெளியில் ஒரு பிரதியும் இல்லை. கணினியிலிருந்த இயங்குதளமோ உரிமம் பெறாதது. அதை ஏற்றிக் கொடுத்தவர் இன்னார் என்பதைக்கூடச் சங்கத்தில் எவரும் அறியார். மூத்த அங்கத்தினரான அம்மையார் ஒருவர் தம் கூலிப் புத்தகத்தைக் காரியதரிசியின் முன் வைத்து, “ஐயா, இந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. மெஷினில் இல்லை என்றால் நான் நெய்யவே இல்லை என்று ஆகிவிடுமா?” என்று கேட்டார். காரியதரிசியால் விடை சொல்ல இயலவில்லை. அருகில் இருந்த நமக்கும் அப்போது விடை தோன்றவில்லை.

அந்த வினாவுக்குரிய விடையே இக்கட்டுரை.

1. இயங்குதளம் என்பது யாது?

தறியில் விழுதும் மிதியும் நாடாவும் ஒன்றுக்கொன்று இணங்கி இயங்கினால்தான் துணி உருவாகும். கணினியிலும் விசைப்பலகை, திரை, நினைவகம், டிஸ்க், பிரிண்டர் ஆகிய உறுப்புக்கள் பல உண்டு. இவற்றை ஒழுங்குபட இயக்கி, கணக்கு எழுதும் மென்பொருளுக்கு இடங்கொடுக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும். கணக்கு மென்பொருள் எவ்வளவு சிறந்ததாயினும் இயங்குதளம் பலவீனமாக இருப்பின் பயனில்லை.

இயங்குதளங்கள் இருவகைப்படும். ஒருவகை, ஒரு கம்பெனிக்கே உரியது. அதன் மூல நிரலை வெளியார் காண இயலாது. உரிமத்துக்குப் பணம் செலுத்த வேண்டும். மற்றொரு வகை திறமூல இயங்குதளம். இதன் மூல நிரல் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. எவரும் இதை உபயோகிக்கலாம், கற்கலாம், திருத்தலாம், பிறருக்கு அளிக்கலாம்.

இவ்வியக்கத்தின் வரலாறு சுருக்கமானது. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், யாவரும் தடையின்றி உபயோகிக்கத்தக்க ஓர் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்து, ‘குனு’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். மறு ஆண்டில் அது குனுவின் பொது உரிமத்தின் கீழ் வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து முழு இயங்குதளமாயிற்று.

ஒரே நூலைக்கொண்டு பல ஊர்களில் பலவகைச் சேலைகள் நெய்யப்படுவதுபோல, இந்த ஒரு கருவைக்கொண்டு பலர் பலவகை இயங்குதளங்களைத் தொகுத்து வழங்குகின்றனர். டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட், பெடோரா என்பன அவற்றுட் சில. இவற்றை ‘வழங்கல்கள்’ என்பர்.

2. இதை இப்போது எண்ண வேண்டிய காரணம்

நம் சங்கங்கள் பலவற்றில் விண்டோஸ் 10 பொருந்திய கணினிகள் இருக்கின்றன. அவ்வியங்குதளத்துக்கு அளிக்கப்பட்டுவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. பணம் கட்டிச் சில காலம் நீட்டித்துக்கொள்ளும் வழி உண்டெனினும் அது நிரந்தரம் அன்று. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும். எனவே 2017-க்கு முன் வாங்கிய கணினிகளிற் பெரும்பாலானவை அதற்குத் தகுதி பெறா. அக்கணினிகள் கெட்டுப்போனவை அல்ல; நன்றாகவே வேலை செய்கின்றன.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வழிகள் உள்ளன. புதிய கணினி வாங்குதல் ஒன்று. இருக்கும் கணினியில் திறமூல இயங்குதளத்தை ஏற்றுதல் மற்றொன்று. மூன்றாவது வழி, ஒன்றும் செய்யாமல் பழையதையே இணையத்தோடு இணைத்து வைத்து ஓட்டுதல். இம்மூன்றாவதே எளியது; கேடு மிகுந்ததும் அதுவே. திருத்தம் பெறாத இயங்குதளம் தாழ்ப்பாள் இல்லாத கதவு போன்றது. கணக்குக் கோப்புக்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டும் நச்சு மென்பொருள்கள் உலவும் காலம் இது. உரிமம் பெறாத பிரதியை ஏற்றி வைத்திருப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதனோடு சட்டக் குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

3. தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதற் கேள்வி: எத்தனை ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும்? சங்கத்தின் கணினியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருக்க இயலாது. உபுண்டு இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் மாதத்தில் நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்பு ஒன்றை வெளியிடுகிறது; அதற்கு ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். 2024 ஏப்ரலில் வெளியான 24.04 என்னும் பதிப்புக்கு 2029 வரை பராமரிப்பு உண்டு. இடையிடையே வரும் மற்றப் பதிப்புக்களின் ஆயுள் ஒன்பது மாதங்களே. லினக்ஸ் மின்ட் 22 என்பது உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. ஆதலின் அதுவும் 2029 வரை செல்லும். டெபியனின் நிலைத்த பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்றாக வெளிவருகிறது. மூன்று ஆண்டுகள் முழுப் பராமரிப்பும், மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிப்பும் உண்டு. அதன் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டு 9-இல் வெளியாயிற்று. பெடோராவின் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழப் பதின்மூன்று மாதங்களே பராமரிப்பு. புதுமை விரும்பும் மாணவருக்கு அது ஏற்றது. சங்கத்தின் பேரேட்டுக்கு ஏற்றதன்று.

இரண்டாம் கேள்வி: நிர்வாகம் யார் கையில் இருக்கிறது? இலவசமாகக் கிடைப்பது என்றென்றும் கிடைக்கும் என்று எண்ணலாகாது. இதற்குச் சென்டோஸ் என்னும் வழங்கலின் கதையே சான்று. உலகெங்கும் எண்ணிறந்த சர்வர்களில் அது இயங்கிவந்தது. அதன் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை பராமரிப்பு உண்டு என்று யாவரும் நம்பியிருந்தனர். ஆனால் அதை நடத்திவந்த ரெட் ஹாட் கம்பெனி, 2021 டிசம்பரோடு அது முடிவுறும் என்று 2020 டிசம்பரில் அறிவித்துவிட்டது. நம்பியிருந்தோர் ஓராண்டுக்குள் வேறிடம் தேட நேர்ந்தது. அல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்னும் இரண்டும் அந்த இடத்தை நிரப்ப எழுந்தவையே.

டெபியனின் ஏற்பாடு வேறு. 1993-இல் இயன் மர்டாக் என்பவர் தொடங்கிய அத்திட்டம் எந்தக் கம்பெனிக்கும் உடைமையன்று. தொண்டர்களாகிய உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். உபயோகிப்போருக்குத் தாங்கள் ஆற்ற வேண்டிய கடமையை 1997-இல் ஓர் ஒப்பந்தமாகவே எழுதி வெளியிட்டுள்ளனர். துணைவிதிகளும் பொதுக்குழுவும் தேர்தலும் என்ன என்பதை அறிந்த நமக்கு, இந்த வேறுபாட்டின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் கேள்வி: நமக்கு வேண்டிய மென்பொருள் இதில் ஓடுமா? பலர் இதைக் கடைசியில் கேட்டு அல்லற்படுகின்றனர். முன்னரே கேட்க வேண்டும். கடிதம் எழுதுதல், பட்டியல் போடுதல், இணையம், அஞ்சல் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸும் பயர்பாக்ஸும் போதும். ஆனால் டாலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. மின்கையொப்பம் இடும் டோக்கன், விரல்ரேகைக் கருவி, பழைய பிரிண்டர் ஆகியவற்றுக்கும் லினக்ஸில் இயக்கி கிடைக்குமா என்பதை ஒவ்வொன்றாக விசாரித்தல் வேண்டும். ஏதேனும் ஒன்றுக்கு விண்டோஸ் இன்றியமையாததாயின், அதற்கென ஒரு கணினியை முறையான உரிமத்தோடு வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றுவதே நேரிய வழி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் மத்திய அரசின் திட்டம் 2022 ஜூனில் அங்கீகாரம் பெற்றது. அத்திட்டத்தின் கீழ் வந்த கணினியையும் மென்பொருளையும் சங்கத்தார் தாமாக மாற்றலாகாது. இங்குக் கூறுவன சங்கம் தன் பணத்தில் வாங்கிய கணினிகளுக்கே பொருந்தும்.

நான்காம் கேள்வி: ஐயம் நேர்ந்தால் யாரிடம் கேட்பது? மென்பொருளுக்கு விலை இல்லை என்பதனாற் செலவே இல்லை என்று ஆகாது. எழுத்தருக்குப் பயிற்சி வேண்டும். பழுது நேர்ந்தால் வந்து பார்க்க ஒருவர் வேண்டும். அருகிலுள்ள பொறியியற் கல்லூரியிலோ, பாலிடெக்னிக்கிலோ, கணினிக் கடையிலோ எந்த வழங்கலை அறிந்தவர் உளர் என்று விசாரித்தல் நன்று. எவரும் அறியாத அரிய வழங்கலைக் காட்டிலும், பலரும் அறிந்த எளிய வழங்கலே நமக்குத் துணையாகும்.

இவற்றை எல்லாம் எண்ணிப் பார்த்து நாம் கூறும் முடிவு இது: மேசைக் கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட், சர்வருக்கு டெபியன். உபுண்டு டெபியனிலிருந்து பிறந்தது. மின்ட் உபுண்டுவிலிருந்து பிறந்தது. மூன்றும் ஒரே குடும்பம். ஆதலின் ஒன்றிற் கற்றது மற்றொன்றிலும் உதவும்.

4. மேசைக் கணினியை அமைக்கும் முறை

முதலில் கணினியிலுள்ள கோப்புக்கள் யாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றிற் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்று வேறொரு கணினியிற் சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் மேற்செல்லலாகாது.

பின்னர், மின்ட்டை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதைக் கணினியிற் பொருத்தினால், டிஸ்கில் எதையும் மாற்றாமலே புதிய இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் அச்சிடுகிறதா, இணையம் கிடைக்கிறதா, ஒலி வருகிறதா என்பவற்றை இந்நிலையிலேயே சோதித்தல் வேண்டும். ஒரு வாரம் இவ்வாறு பழகிப் பார்த்தபின் நிறுவினாலும் தவறில்லை.

4 ஜி.பி. நினைவகமுள்ள பழைய கணினிக்கு மின்ட்டின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு ஏற்றது, அது இலேசானது. 8 ஜி.பி. இருப்பின் சின்னமன் பதிப்பை உபயோகிக்கலாம். 32 பிட் செயலியுள்ள மிகப் பழைய கணினிகளில் இப்போதைய மின்ட், உபுண்டு, டெபியன் 13 ஆகியவற்றை நிறுவ இயலாது. அவற்றுக்கு ஓய்வு கொடுப்பதே தக்கது.

நிறுவும்போது நேர மண்டலத்தில் இந்திய நேரத்தைக் குறிக்க வேண்டும். தேதி பிழைத்தால் ரசீதும் பிழைபடும். டிஸ்கை மறையீடு செய்துகொண்டால், கணினி களவு போயினும் அங்கத்தினரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் பிறர் கைக்குப் போகா. ஆனால் அதற்குரிய கடவுச்சொல்லை மறந்தால் நமக்கும் கிடையா என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒவ்வோர் எழுத்தருக்கும் தனித்தனிக் கணக்கு ஏற்படுத்த வேண்டும். ‘ஆபீஸ்’ என்ற ஒரே பெயரில் நால்வர் நுழைந்தால், பதிவை மாற்றியவர் யார் என்பது தணிக்கையின்போது தெரியாது. நிர்வாக அதிகாரம் உள்ள கணக்கை அன்றாட வேலைக்கு உபயோகித்தல் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறும்படி அமைத்துவிட வேண்டும்.

தமிழில் எழுத ஐபஸ் என்னும் உள்ளீட்டு ஏற்பாட்டில் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். நோட்டோ தமிழ் எழுத்துருக்களும் உண்டு. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்த தீர்மானங்களும் கடிதங்களும் புதிய கணினியிற் குழம்பிய எழுத்துக்களாகத் தோன்றக்கூடும். அவை அழிந்துவிடவில்லை, மாற்றி மென்பொருள்கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

5. சர்வரை அமைக்கும் முறை

ஒரே கணினி உள்ள சங்கத்துக்குச் சர்வர் வேண்டியதில்லை. மூன்று, நான்கு கணினிகள் இருந்து, எல்லோரும் ஒரே கணக்கை எழுத வேண்டிய இடத்தில்தான் அது தேவை. பெரிய யந்திரம் வேண்டுமென்பதும் இல்லை. நல்ல நிலையிலுள்ள மேசைக் கணினி ஒன்றே சிறு சங்கத்துக்குப் போதும்.

டெபியனை நிறுவுகையில் திரைச் சித்திரச் சூழலைச் சேர்க்காமல் விட வேண்டும். வேண்டாத மென்பொருள் குறையக் குறைய, பழுதும் பகைவர் நுழையும் வழியும் குறையும். இரண்டு டிஸ்குகளைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் உடனே எழுதப்படும்படி இரட்டை ஏற்பாடு செய்ய வேண்டும். ஒன்று பழுதாயினும் வேலை நில்லாது. சாம்பா என்னும் மென்பொருளால், விண்டோஸ் கணினிகளும் லினக்ஸ் கணினிகளும் சர்வரின் கோப்புக்களைப் பகிர்ந்துகொள்ளலாம். கணக்குக் கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை அங்கே வரையறுத்துவிட வேண்டும்.

தொலைவிலிருந்து சர்வருள் நுழைய எஸ்.எஸ்.எச். என்னும் வழி உண்டு. அதில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பை மட்டும் ஏற்கும்படியும், தலைமைக் கணக்காகிய ‘ரூட்’ நேராக நுழைய இயலாதபடியும் அமைத்தல் வேண்டும். தீயரண் இட்டு, தேவையான வாயில்களை மட்டும் திறந்து வைக்க வேண்டும். கணக்குச் சர்வரைப் பொது இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. மின்தடை நேரும் ஊர்களில் யு.பி.எஸ். இன்றியமையாதது, அதன் மின்கலம் தீருமுன் சர்வர் தானே முறைப்படி அணைந்துகொள்ளும்படியும் செய்யலாம்.

6. பிரதி எடுத்தலும் மீட்டலும்

இரட்டை டிஸ்க் இருப்பதாற் பிரதி வேண்டாம் என்று எண்ணுவோர் உளர். இது பெரும்பிழை. எழுத்தர் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். ஆதலின் எப்போதும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்று சங்கக் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். நாள்தோறும் இரவில் தானாகப் பிரதி எடுக்க ஆர்சிங்க் என்னும் சிறு கருவி லினக்ஸில் உண்டு. நேற்றைய பிரதியின்மேல் இன்றையதை எழுதிவிடாமல் நாள்வாரியாகச் சேமித்தல் நன்று. வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி, வங்கிப் பெட்டகம் போன்ற வேறிடத்தில் வைக்க வேண்டும். கழற்றாமல் வைத்தால் நச்சு மென்பொருள் அதையும் பூட்டிவிடும்.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை ஒரு கோப்பைப் பிரதியிலிருந்து மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத ரொக்க இருப்புக்கு ஒப்பாகும்.

7. நிர்வாகக் குழுவின் கடமை

இவ்வேலையை எழுத்தர் தலையில் மட்டும் சுமத்திவிடுதல் தகாது. எந்த வழங்கல், எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு வரை பராமரிப்பு, பிரதிக்குப் பொறுப்பாளர் யார் என்பவற்றைக் குழு தீர்மானமாக எழுதி நிறைவேற்ற வேண்டும். தலைமைக் கடவுச்சொல்லை இருவர் அறிந்திருக்க வேண்டும். அதை உறையிலிட்டு முத்திரை வைத்து இரும்புப் பெட்டியிலும் வைக்க வேண்டும். கணினியிற் செய்த மாறுதல் ஒவ்வொன்றையும் தேதியோடு எழுத ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். எழுத்தர் மாறும்போது சாவிக்கொத்தோடு இந்நோட்டையும் கையொப்பமிட்டு ஒப்படைத்தல் வேண்டும்.

தொடக்கத்திற் கூறிய சங்கத்தின் கதையை முடித்துவிடுவோம். அங்கத்தினர்களின் கூலிப் புத்தகங்களை வாங்கி, இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பதினொரு நாட்கள் இரவும் பகலுமாக எழுதினார்கள். தீபாவளிக்கு முன்பு கூலி கிடைத்தது. கணினி கைவிட்டபோது காத்தது அந்த அம்மையாரின் கையிலிருந்த காகிதமே. பின்னர் அச்சங்கத்தார் மேற்கூறிய முறையிற் கணினியை அமைத்துக்கொண்டனர். மறு ஆண்டு ஆய்வுக்குச் சென்றபோது, கூலிக் கோப்பின் நகல் ஒன்றை அழித்துவிட்டு அதை மீட்டுக் காட்டும்படி எழுத்தரைக் கேட்டோம். நம் முன்னிலையிலேயே சில நிமிடங்களில் மீட்டுக் காட்டினார். கூலிப் புத்தகங்களில் எழுதும் வழக்கத்தையும் அவர்கள் விடவில்லை. அதுவும் ஒரு பிரதிதானே!

அடுத்த குழுக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

1. நம் சங்கக் கணினியில் உள்ள இயங்குதளம் எது? அதற்குத் திருத்தங்கள் எந்த நாள் வரை கிடைக்கும்?

2. விண்டோஸ் இன்றி ஓடாத மென்பொருளும் கருவியும் நம்மிடம் எவை எவை?

3. இன்று மாலை ஹார்டு டிஸ்க் பழுதானால், நாளைக் காலை எந்தத் தேதி வரையிலான கணக்கை நாம் மீட்டுக் காட்ட இயலும்?

மூன்றாம் வினாவுக்கு உடனே விடை சொல்ல இயலாத சங்கம், இயங்குதளத்தை மாற்றுமுன் இன்றே ஒரு பிரதி எடுத்துவிடுக.